300 டாலருக்குள் நல்ல பழைய கிளாரினெட் கிடைக்குமா?

கேள்வி இதுதான்: மகள் ஆறாம் வகுப்பு, அமெரிக்கப் பள்ளி பேண்டில் கிளாரினெட் எடுத்திருக்கிறாள். வாடகைக்கு எடுத்தால் மாதாமாதம் பணம் போய்க்கொண்டே இருக்கிறது, புதுசு வாங்க வசதியில்லை, கையில் இருப்பது 300 டாலர். ஈபேயில் 120 டாலருக்கு நோப்ளே என்ற பிரெஞ்சு மர கிளாரினெட் ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. விற்பவர், "பாட்டி வாசித்தது, பல வருடமாக அலமாரியில் கிடந்தது, எனக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது" என்று எழுதியிருக்கிறார். வாங்கலாமா?

நோப்ளே நல்ல கருவிதான், ஆனால் உங்கள் 300 டாலருக்குள் அது அடங்காது. நோப்ளே ரொம்பப் பழைய பெயர். 1904இல் வாத்தியம் செய்யும் லெப்ளாங்க் குடும்பத்தின் கைக்குப் போய், பிறகு லெப்ளாங்கின் நடுத்தர மர மாடல்கள் அந்தப் பெயரில் வந்தன. பஃபே, செல்மர் அளவுக்குப் பெயர் தெரியாததால் விலை குறைவாக இருக்கும், சத்தம் விலையைவிட எவ்வளவோ மேல். அதனால் உங்கள் கண் ஒன்றும் தப்பாகப் போகவில்லை. சிக்கல் அந்த அலமாரியில்தான் இருக்கிறது.

கிளாரினெட்டின் ஓட்டைகளை மூடுவது விரல் மட்டுமல்ல. கீகளுக்கு அடியில் சுமார் 17 பேட்கள் உட்கார்ந்திருக்கின்றன. வழக்கமான பேட் என்பது கம்பளி வட்டத்தின் மேல் மெல்லிய சவ்வு சுற்றியது. இருபது முப்பது வருடம் பெட்டிக்குள் கிடந்தால் சவ்வு பழுத்து மஞ்சளாகிக் கிழியும், உள்ளே இருக்கும் கம்பளியைப் பூச்சி தின்னும், கார்க் காய்ந்து பொடிப்பொடியாக உதிரும், நீல எஃகு ஸ்பிரிங்குகள் துருப்பிடித்து, ரிப்பேர்காரர் கை வைத்ததும் ஒடியும். அதை முழுசாகப் பிரித்து, பேட் மாற்றி, கார்க் போட்டு, ஸ்பிரிங் சரிசெய்து திரும்பச் சேர்க்க ரிப்பேர் கடையில் 200 முதல் 400 டாலர் வரை கேட்பார்கள், ஊருக்கு ஊர் கடைக்குக் கடை மாறும். ஆக 120 என்பது விலையே இல்லை, முன்பணம். மொத்தம் 320 முதல் 520 வரை போய்விடும், அப்புறம் வாயில் வைத்து ஊதும் மவுத்பீஸ் வேறு.

எனவே 300ஐக் கருவியின் விலையாக நினைக்காதீர்கள். மகள் பேண்ட் வகுப்பில் உட்கார்ந்து முதல் ஸ்கேலைத் தடங்கலில்லாமல் வாசிப்பது வரைக்குமான மொத்தச் செலவு அது. மவுத்பீஸுக்கு 50 டாலர், ரீட் (மவுத்பீஸில் கட்டும் மெல்லிய நாணல் பட்டை) டப்பா, துடைக்கும் துணி, கார்க் கிரீஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து 40 என்று முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். மிச்சம் சுமார் 200. அதற்குள் வேலை செய்யும் நிலையில் இருக்கும் ஒரு நல்ல பிளாஸ்டிக் கிளாரினெட் தாராளமாகக் கிடைக்கும்.

பிளாஸ்டிக் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். மரம் என்றால் உசத்தி என்று நினைப்பு நம் எல்லோருக்கும் உண்டு. பெரிய கச்சேரி மேடையில், பயிற்சி உள்ள காதுக்கு வித்தியாசம் தெரியலாம். பதினோரு வயதுப் பிள்ளை ஊதும்போது சத்தத்தைத் தீர்மானிப்பது மரமா பிளாஸ்டிக்கா என்பதல்ல; பேட் காற்று விடாமல் மூடுகிறதா, மவுத்பீஸ் ஒழுங்காக இருக்கிறதா, ரீட் உயிரோடு இருக்கிறதா என்ற மூன்றும்தான். தவிர அமெரிக்க வடமாநிலங்களில் குளிர்காலத்து வறட்சி மரத்துக்கு எதிரி. பள்ளிப் பேருந்தில் உறைகுளிரில் வந்த மர கிளாரினெட்டை ஹீட்டர் ஓடும் வகுப்பில் உடனே எடுத்து வெந்நீராவி போன்ற மூச்சை உள்ளே ஊதினால் உள்பக்கம் விரிந்து வெளிப்பக்கம் சுருங்கியே இருக்கும், விரிசல் விழும். பிளாஸ்டிக்குக்கு அந்தக் கவலையே இல்லை.

எந்த மாடல்? முதலில் யமஹா. ஒய்சிஎல்-20 பழையது, 250, 255 புதியவை. கீகள் ஒரே மாதிரி இருக்கும், சுருதி நம்பகமானது, எந்த ரிப்பேர் கடையிலும் தெரிந்த கருவி. அப்புறம் வீட்டோ, குறிப்பாக 7212 என்ற எண். விஸ்கான்சின் கெனோஷாவில் இருந்த லெப்ளாங்க் கம்பெனியின் பள்ளி மாடல் அது, லட்சணம் பார்க்க ஒன்றும் இருக்காது, ஆனால் அடிபட்டாலும் தாங்கும், பேர் தெரியாதவர்கள் சல்லிசாக விற்றுவிடுவார்கள். பஃபே பி12 பிளாஸ்டிக்கில் வரும், அதுவும் நல்லதே, பஃபே என்ற பெயருக்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள். பண்டி என்று செல்மர் அமெரிக்கா போட்ட கருவிகள் கராஜ் சேல்களில் குவிந்து கிடக்கும். கல் மாதிரி உழைக்கும், ஆனால் என் காதுக்குச் சத்தம் கொஞ்சம் அடைத்தாற்போல் இருக்கும். 40 டாலருக்குச் சரிபார்த்த பண்டி கிடைத்தால் எடுங்கள், 150க்கு வேண்டாம்.

வாங்கவே கூடாதது ஒன்று உண்டு: இணையத்தில் சிவப்பு, நீலம், ரோஸ் நிறத்தில் புத்தம்புதுசாக நூறு டாலருக்குப் பெட்டி, கையுறை, டியூனர் எல்லாம் சேர்த்து வரும் பெயர் தெரியாத கருவிகள். கீகள் மட்டமான உலோகம், வளைந்தால் திருப்பும்போது ஒடிந்துவிடும். பல ரிப்பேர்காரர்கள் அதைத் தொடவே மாட்டார்கள், உதிரிப் பாகமும் கிடைக்காது. முப்பது வருடப் பழைய வீட்டோ இதைவிட எத்தனையோ மடங்கு மேல்.

ஊரிலிருந்து வாங்கி வரச் சொல்லலாமே என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். கிளாரினெட் என்றதும் நம் பெரியவர்களுக்குத் திருச்சி ஏ.கே.சி. நடராஜன் நினைவுக்கு வருவார், 2022இல் பத்மஸ்ரீ வாங்கியவர், இந்தக் கருவியில் கமகம் பேசவைத்தவர். இல்லையென்றால் கல்யாண ஊர்வல பேண்ட். மீரட்டில் ஜலி கோட்டிப் பக்கம் பேண்ட் வாத்தியம் செய்யும் கடைகள் வரிசையாக உண்டு, விலையும் குறைவு. ஆனால் அவை கல்யாண பேண்டுக்காக, தெருவில் வாசிப்பதற்காகச் செய்தவை. பள்ளி பேண்டில் முப்பது பிள்ளைகள் ஒரே சுருதியில் சேர வேண்டிய இடத்துக்கு அது சரிப்படாது, அமெரிக்காவில் பழுது பார்க்கவும் ஆள் கிடைக்காது. அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

பழைய கருவி தேடும்போது கண்ணை ஏமாற்றும் சில உருப்படிகள் வரும், பெயர் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும். உங்கள் மகளுக்கு வேண்டியது பி-ஃபிளாட் சுருதிக் கிளாரினெட், கீ அமைப்பு போயம் முறை. போயம் என்றால் விரல் ஓட்டைகளைச் சுற்றி மொத்தம் ஆறு வளையம்: கீழ்த் துண்டில் மூன்று, மேல் துண்டில் முன்பக்கம் இரண்டு, பின்னால் கட்டைவிரலுக்கு ஒன்று. வளையம் குறைவாக, கீழே சுண்டுவிரல் இடத்தில் உருளைகளோடு இருந்தால் அது பழைய ஆல்பர்ட் முறை. நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் ரசிகர்கள் தேடி வாங்குவார்கள், பள்ளி டீச்சர் தலையில் கை வைத்துக்கொள்வார், ஏனென்றால் விரல் வைக்கும் முறையே வேறு. அடுத்தது ஏ கிளாரினெட். பார்க்க அச்சு அசல் பி-ஃபிளாட் போலவே இருக்கும், சில சென்டிமீட்டர் நீளம் அதிகம், ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் பயன்படுத்துவது. படத்தில் தெரியாது. கையில் கிடைத்தால் கட்டைவிரலும் இடது கை மூன்று விரலும் மூடி ஊதி டியூனரைப் பாருங்கள், பி-ஃபிளாட் காட்ட வேண்டும். ஏ காட்டினால் வைத்துவிட்டு வாருங்கள். நூறு வருடப் பழைய கருவி என்றால் எச்பி என்று ஆங்கில எழுத்து குத்தியிருக்கிறதா பாருங்கள். அது ஹை பிட்ச், இன்றைய 440 சுருதிக்கு மேலே நிற்கும், எந்த ரிப்பேரும் அதை இறக்காது. எல்பி, அதாவது லோ பிட்ச், என்றிருந்தால் பரவாயில்லை. வெள்ளி மாதிரி மின்னும் உலோகக் கிளாரினெட்டும் அவ்வப்போது வரும், அழகாக இருக்கும், அமெரிக்க வீடுகளில் அதில் பாதி மேசை விளக்காக மாறியிருக்கிறது, அதற்கே விட்டுவிடலாம்.

"மரம்" என்று போட்டு விற்பதில் பாதி மரமே அல்ல. விற்பவருக்குத் தெரியாது, கறுப்பாக இருந்தால் மரம் என்று எழுதிவிடுவார். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் மரத்தில் நீளவாக்கில் ரேகை தெரியும், பிளாஸ்டிக்கில் வழுவழுவென்று ஒன்றும் தெரியாது. பண்டியில் ரெசொனைட் என்று பெயரே போட்டிருக்கும், அது பிளாஸ்டிக். பழைய எபனைட் (கெட்டி ரப்பர்) கருவி என்றால் வெயில் பட்ட பக்கம் பச்சையும் பழுப்பும் கலந்த நிறத்துக்கு மாறியிருக்கும், கையால் தேய்த்து மோந்தால் லேசாக கந்தக வாடை வரும்.

சரி, நேரில் போய்ப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால் (கிடைக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், பழைய கார் வாங்கும்போது பானெட்டைத் திறக்காமல் வாங்குவோமா) இதைச் செய்யுங்கள். மேல் துண்டைத் தனியாக எடுங்கள். இடது கையால் வாசிக்கிற மாதிரியே மூன்று விரலும் கட்டைவிரலும் ஓட்டைகளை மூடட்டும், வேறு எந்தக் கீயையும் அழுத்தக் கூடாது. அடிமுனையை வலது உள்ளங்கையால் அடையுங்கள். மேல்முனையில் உதட்டை வைத்துக் காற்றை உறிஞ்சுங்கள். நல்ல கருவி என்றால் உதடு ஒட்டிக்கொண்டு நிற்கும், சில நொடி தாங்கும், கையை எடுத்தால் 'டப்' என்று சத்தம் வரும். ஸ்ஸ் என்று காற்று உடனே வடிந்தால் எங்கோ பேட் மூடவில்லை. கீழ்த் துண்டிலும் இதே போல, வலது கை மூன்று விரலோடு சுண்டுவிரலால் கடைசிக் கீயையும் அழுத்திக்கொண்டு பாருங்கள், ஏனென்றால் அங்கே சில பேட்கள் சும்மா இருக்கும்போது திறந்தே இருக்கும்.

எந்த பேட் என்று கண்டுபிடிக்க ஒரு சிகரெட் தாள் போதும். மெல்லிய நாடாவாக வெட்டி பேட்டுக்கு அடியில் வைத்து, பேட்டை மூடி, மெதுவாக இழுங்கள். சுற்றிலும் ஒரே மாதிரி பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் இறுக்கம், மறுபக்கம் வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கேதான் ஓட்டை. ஒன்றிரண்டு பேட் மட்டும் என்றால் சின்னச் செலவு. எல்லாமே வழுக்கினால் விலையில் பேட் மாற்றும் கூலியைக் கழித்துக் கேளுங்கள், அல்லது விடுங்கள்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. காற்று ஒழுகும் கருவியில் பிள்ளை ஊதும்போது கீழ்ஸ்தாயி சரியாக வராது, மேலே போனால் கீச்சிடும். குழந்தை தன்னால் முடியவில்லை என்று நினைத்துக்கொள்ளும், டீச்சர் "இன்னும் பயிற்சி செய்" என்பார், நாம் ஆர்வமில்லை என்போம். இரண்டே மாதத்தில் பெட்டி மூலைக்குப் போய்விடும். குற்றவாளி நாலு டாலர் பேட்.

அப்புறம் இரண்டு துண்டையும் சேர்க்கும் இடத்தில் ஒரு பாலக் கீ இருக்கிறது, மேல் துண்டின் வளையத்தையும் கீழ்த் துண்டின் வளையத்தையும் இணைப்பது. பிள்ளைகள் முறுக்கிச் சேர்க்கும்போது முதலில் வளைவது இதுதான். இடது கை ஆள்காட்டி விரலும் வலது கை ஆள்காட்டி விரலும், கட்டைவிரலோடு, மட்டும் மூடி ஊதினால் ஒரு சுரம் சுத்தமாக வர வேண்டும். அடைத்துக்கொண்டு வந்தால் பாலம் வளைந்திருக்கிறது. ரிப்பேர்காரருக்கு இரண்டு நிமிட வேலை, வாங்குபவருக்குப் பேரம் பேச ஒரு காரணம். வீட்டில் மகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்: சேர்க்கும்போது மேல் துண்டின் வளையத்தை அழுத்திப் பிடித்தால் பாலம் உயரும், இடிக்காது.

கீகளைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள், கடகடவென்று ஆடினால் தேய்மானம். துண்டுகள் சேரும் டெனன் பிளாஸ்டிக்கில் ஒடிந்து ஒட்டப்பட்டிருக்கிறதா பாருங்கள். டெனன் கார்க் காய்ந்திருப்பது பொருட்டே அல்ல, சில டாலர்தான். ஓட்டை விளிம்பில் சில்லு பெயர்ந்திருந்தால்தான் வினை. பேட் எத்தனை மாற்றினாலும் அங்கே மூடாது.

மேல் துண்டிலும் கீழ்த் துண்டிலும் சீரியல் எண் இருக்கும், பஃபேயில் இரண்டிலும் ஒரே எண் வர வேண்டும். வேறு வேறு எண் என்றால் இரண்டு உடைந்த கருவிகளில் இருந்து ஒன்று உருவாக்கியிருக்கிறார்கள். அது வாசிக்காது என்று அர்த்தமில்லை, ஆனால் அந்த விலைக்கு இல்லை. பேரல் (மவுத்பீஸுக்கும் மேல் துண்டுக்கும் நடுவில் வரும் குட்டித் துண்டு) மாறியிருக்கிறதா என்பதும் முக்கியம். வழக்கமான நீளம் 65, 66 மில்லிமீட்டர் ஒட்டி இருக்கும், ரொம்பக் குறைந்தால் சுருதி கூடிப்போகும்.

மர கிளாரினெட்டில் விரிசல் பார்க்கும் இடம் மேல் துண்டு, அதிலும் மேல்பாதி, டிரில் கீகளின் (இரண்டு சுரத்தை வேகமாக மாற்றி மாற்றி வாசிக்க உதவுபவை) ஓட்டைகளைச் சுற்றி. ஜன்னல் வெளிச்சத்தில் மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். மரத்தின் ரேகை பல இடத்தில் இருக்கும், விரிசல் ஓட்டைக்குள் நுழைந்து மறுபக்கம் வரும், நகத்தில் தட்டுப்படும். எண்ணெய் பூசிப் பளபளவென்று காட்டினால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். ஆனால் விரிசல் என்றாலே ஓட வேண்டியதில்லை. நல்ல கடையில் பசை ஊற்றியோ, குறுக்கே உலோக ஊசி செருகியோ, கார்பன் நார் வளையம் கட்டியோ சரி செய்த கருவி வருடக்கணக்கில் உழைக்கும். அதை விலையில் காட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான். காட்டாமல் மறைத்து விற்பவரிடம் வேறு எதுவும் மறைந்திருக்கலாம்.

எங்கே தேடுவது? என் முதல் தேர்வு ஈபே அல்ல, உங்கள் ஊரில் தனியாகக் கடை வைத்திருக்கும் காற்றுவாத்திய ரிப்பேர்காரர். பள்ளிகள் கழித்துவிட்ட யமஹாக்களையும் வீட்டோக்களையும் வாங்கிச் சரிபார்த்து 150, 200க்கு விற்பவர்கள் இருக்கிறார்கள், சிறிது நாள் உத்தரவாதமும் தருவார்கள். ஈபேயைவிட 50 டாலர் கூட இருக்கும், அந்த 50ஐக் கொடுங்கள். பேண்ட் டீச்சரிடமும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள், யார் வீட்டில் சும்மா கிடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். ஆகஸ்ட், செப்டம்பரில் எல்லோரும் தேடுவதால் விலை ஏறும், மே கடைசியில் விட்டுவிட்ட பிள்ளைகளின் பெட்டிகள் வெளியே வரும். இப்போதே அவசரம் என்றால் இரண்டு மூன்று மாதம் வாடகைக்கு எடுத்துக்கொண்டு நிதானமாகத் தேடலாம். "வாடகை கட்டினால் கடைசியில் உங்களுக்கே சொந்தம்" என்ற திட்டத்தைக் கையெழுத்திடும் முன் மொத்தத் தொகையைக் கூட்டிப் பாருங்கள், பல சமயம் நல்ல பழைய கருவி இரண்டு வாங்கலாம்.

"சர்வீஸ் செய்தது" என்ற வார்த்தையை நம்ப வேண்டாம். யார் செய்தது, என்ன மாற்றினார்கள், ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். புது வெள்ளை பேட்டைக் கோணலாக ஒட்டி, கீழே அழுக்கை அப்படியே விட்ட கருவிகள் ஏராளம். நல்ல சர்வீஸ் என்றால் கீகளைக் கழற்றி அடியிலும் துடைத்திருப்பார்கள், கீகளுக்கு இடையில் தூசி இருக்காது.

மவுத்பீஸ் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய கருவியோடு வரும் மவுத்பீஸ் முனையில் சில்லு போயிருக்கும், பல்தடம் இருக்கும், யாருடைய வாய் என்றும் தெரியாது. யமஹா 4சி சாதாரணம் ஆனாலும் குறை சொல்ல முடியாது. ஃபோப்ஸ் டெப்யூ, ஹைட் பிரீமியர் இரண்டும் மாணவர்களுக்கென்றே செய்தவை, ஏறக்குறைய 50 டாலருக்குள், பழைய வீட்டோவை வேறு கருவியாக்கிவிடும். வேன்டோரன் 5ஆர்வி லைரும் நல்லது, விலை இரட்டிப்பு, இரண்டு வருடம் கழித்து யோசிக்கலாம். ரீட் 2 அல்லது இரண்டரை எண்ணில் தொடங்கட்டும். பழைய மவுத்பீஸைக் கழுவுவதென்றால் வெதுவெதுப்பான நீரும் சோப்பும் போதும், கொதிநீரில் போட்டால் எபனைட் நிறம் மாறி வளைந்துபோகும்.

இனி அந்த நோப்ளே. விற்பவரிடம் நாலு படம் கேளுங்கள்: மேல் துண்டின் முன்பக்கம் வெளிச்சத்தில் கிட்டத்தில், இரண்டு துண்டின் சீரியல் எண்கள், கீழ்த் துண்டின் பேட்கள் கீயைத் தூக்கிப் பிடித்தபடி, டெனன்கள் கார்க்கோடு. திருப்பி அனுப்பலாமா என்றும் கேளுங்கள். விரிசல் இல்லை, எண் பொருந்துகிறது, திருப்பலாம் என்றால் 80 டாலர் சொல்லிப் பாருங்கள். அது மகளின் முதல் கருவியாக இருக்காது. இரண்டு மூன்று வருடம் கழித்து ஹைஸ்கூல் போகும்போது, அவள் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தால், முழுசாகப் பிரித்துச் சரிசெய்யும் ஓவர்ஹாலுக்குச் சேர்த்த பணத்தோடு எடுத்துச் செல்ல ஒரு நல்ல மர கிளாரினெட் கையில் இருக்கும். அப்போது முதல் ஒரு மாதம் தினம் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஊத விடாதீர்கள், வருடக்கணக்காக ஈரம் பார்க்காத மரம் அது. 80க்கு அவர் சம்மதிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், நோப்ளேக்கள் வந்துகொண்டேதான் இருக்கும். இந்த வாரக் கடைசியில் ரிப்பேர் கடைக்கு ஒரு போன் போட்டு, "சரிபார்த்த யமஹா 250 அல்லது வீட்டோ 7212 இருக்கிறதா, பி-ஃபிளாட்" என்று கேளுங்கள்.